கீழ்த்தட்டு ரெகுலேட்டர்

"இது வேணாம்ணா. அந்தக் கீழ்த்தட்டுல இருக்கே, அதை எடுங்க" என்றாள் அந்தப் பெண்.

உதிரிபாகக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக இன்ஜின் சாமான் விற்கிறவர் அவர். மேல்தட்டிலிருந்து தூசு தட்டி எடுத்துவைத்த அருமையான ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டரை, ஒருத்தி சொத்தைக் கத்தரிக்காய் மாதிரி ஒதுக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வண்டி யாருடையது என்று கேட்டார். தம்பியுடையது, டர்போ வைத்த கார், சுவரில் மோதியதில் பழைய ரெகுலேட்டர் உடைந்துவிட்டது என்றாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பி நாளைக்கு வீடு திரும்புகிறான். வந்ததும் கேட்கப்போவது சாவியைத்தான். ஒளித்து வைத்தால் பூட்டை உடைப்பான், சொல்லி அடங்குகிற ஆள் இல்லை. தலையில் இன்னொரு அடி பட்டால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

கடைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. தம்பி வருவதற்குள் வண்டியைச் சரிசெய்து வைக்க இப்படியும் ஓர் அக்காவா என்று நினைத்துக்கொண்டார். அளவு பார்க்க அவள் போனில் இன்ஜினின் படத்தைக் காட்டியபோது அவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு குழாயும் அதனதன் இடத்தில், ஒரு நட்டுகூட ஏனோதானோ என்று இல்லை. கட்டினவன் யாரோ கைகாரன்தான்.

பாவம், இவளுக்குத்தான் சாமானைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எனவே சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாக விளக்கினார். டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று ஏறினால் பெட்ரோலின் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். மேல்தட்டு ரெகுலேட்டரின் தலையில் இருக்கும் சின்ன மூக்கில் டியூப்பை மாட்டினால், எவ்வளவு காற்று என்று அதற்குத் தெரிந்து, பெட்ரோல் அழுத்தத்தையும் அதற்கேற்ப ஏற்றிவிடும். கீழ்த்தட்டில் இருப்பது டர்போ இல்லாத வண்டிக்கானது. அதிலும் மூக்கு இருக்கிறது, ஆனால் பேருக்குத்தான். உள்ளே ஓட்டை கிடையாது.

"ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாதும்மா, நல்லாவே ஓடும். பெரிய ரோட்டுல ஏறி ஒரு மிதி மிதிச்சா, பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகிடும். அப்புறம் இன்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

"ஓட்டுறவனுக்கு?"

"அவருக்கு என்ன வரப்போகுது? புகை வரும், இழுவை போயிடும், ஓரங்கட்டிட வேண்டியதுதான்."

அவள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். விரல் அந்த மூக்கை ஒருமுறை தடவியது. நகக்கண்ணில் கறுப்பு அப்பியிருந்தது. மாட்டின பிறகு வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டாள். எந்தக் கொம்பனுக்கும் தெரியாது என்றார் அவர். அப்படியானால் கீழ்த்தட்டுதான் என்றாள்.

விலைக்குத்தான் யோசிக்கிறாள் என்று எண்ணி, நல்லதையே கீழ்த்தட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார். கடை திறந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

தலைவிதி என்று சாமானைப் பைக்குள் போட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு பாத்துப் பாத்து இந்த இன்ஜினைக் கட்டினவனுக்கு இது தெரிஞ்சா, உக்காந்து அழுவாம்மா."

அவள் பையை மூடினாள்.

"கட்டினவ நான்தாண்ணா. இன்ஜினுக்கு அழுது முடிச்சுட்டுத்தான் வந்தேன்."