உரித்த இறால்

செத்துப்போன தம்பியின் கிண்ணத்தில் இறாலை உரித்து வைத்தாள் புய் யீ.

அவனுடைய அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டிக்கொண்டாள். இத்தனை மாதம் நடித்துவிட்டு, புய் யீ கடைசியில் தன் கையாலேயே மாட்டிக்கொண்டாள்.

தம்பிக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ ஒன்றே ஒன்று தின்றான். முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சுத் திணறி, பிழைப்பானா என்று ஆகிவிட்டது. அம்மா செருப்புகூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதன் பிறகு இந்த வீட்டுச் சமையலறைக்குள் இறால் நுழைந்ததே இல்லை; இன்று புய் யீ வெளியே வாங்கி வந்ததுதான்.

அவனைக் கட்டிக்கொள்ள இருந்தவளுக்கு இது தெரியாதாம்.

கட்டிக்கொள்ள இருந்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள், அவனைப் புதைத்த சில வாரங்களில். கோலாலம்பூரில் அவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தாளாம். கல்யாணம் பேசி வைத்திருந்தார்களாம். அத்தாட்சிக்கு ஒரு விருந்தில் எடுத்த படம். கூட்டத்தில் அவன் ஒரு மூலையில், இவள் ஒரு மூலையில்.

பல்வலி வந்தால்கூட அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்புகிறவன் அவன். இப்படி ஒருத்தி இருப்பதாக ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. மூத்தவர்கள் இளையவனுக்கு ஊதுபத்தி ஏற்றி வணங்கக் கூடாது என்பது சீனர்கள் வழக்கம். அப்பா, அம்மா, அக்கா. இந்த வீட்டில் மிஞ்சியவர்கள் எல்லோரும் மூத்தவர்கள்.

வீட்டில் தம்பியின் படத்துக்கு முன்னால் அதுவரை ஊதுபத்திச் சாம்பல் விழுந்ததே இல்லை.

புய் யீ மூத்தவள் இல்லை; வந்த அன்றே ஏற்றினாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சனி ஞாயிறு வந்து போனவள் தம்பியின் அறையிலேயே தங்கினாள். அப்பாவோடு சதுரங்கம் ஆடினாள். எந்த இடத்தில் தோற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அதே தைலத்தை அக்கா பல வருடமாகத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போதெல்லாம் வலிக்கிறது என்று சிடுசிடுப்பாள் அம்மா. இப்போது சுகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

இன்று தம்பிக்கு முதல் வருட நினைவு நாள். சாப்பாட்டுக்குப் பின் புய் யீ மண்டியிட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தேநீர் கொடுக்கப்போகிறாள். அவர்கள் வாங்கிக் குடித்து, புதுக் கிண்ணமும் உணவுக் குச்சிகளும் அவள் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. சீனர் வழக்கப்படி அவள் இந்த வீட்டின் மகள். அம்மா கிண்ணத்தைச் சிவப்புத் தாளில் சுற்றி வைத்துவிட்டாள்.

இனி நடக்காது.

அக்கா வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. அம்மா வந்து படையலைப் பார்த்தால் போதும்.

அம்மா வந்தாள்.

மகனின் படத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. 

பிறகு அதே கையால் புய் யீயின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அவனுக்கு இறால்னா உயிரு."

அப்பா தலையாட்டினார்.

அக்கா சமையலறைக்குள் போய் நின்றாள்.  அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

அவள் பொய்க்காரி, தம்பியைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று அக்கா கொட்டித் தீர்த்தாள். அம்மா மறுக்கவில்லை. குரலைத் தாழ்த்து என்று மட்டும் சைகை காட்டினாள்.

"தெரியும்டி. வந்த அன்னைக்கே தெரியும்."

அலமாரியிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"அவளையும் விரட்டிட்டா, அவனுக்கு யாரு ஊதுபத்தி ஏத்துவா? நீயா?"

 உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இந்த வீட்டில் யார் என்ன ஏற்றுகிறார்கள் என்று அக்கா கேட்க நினைத்தாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள்.

தண்ணீர் கொதித்தது. அக்கா இலையைப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தாள். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் எல்லோரும் சாப்பிட்டார்கள். அக்கா சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

தேநீர்த் தட்டை எடுக்கப் புய் யீ சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். அது அம்மா வாங்கிக் கொடுத்தது.

இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது அக்காவுக்கு. தம்பிக்கு இறால் விஷம், அம்மா உன்னை நம்பவே இல்லை, நீ இந்த வீட்டுக்கு யாரும் இல்லை.

முதல் வார்த்தைதான் வந்தது.

"இறால்..."

புய் யீ கோப்பைகளைத் தட்டில் நேராக வைத்தாள். பதற்றமே இல்லை.

"ஆகாதுன்னு தெரியும், அக்கா. அம்மா என்ன சொல்றாங்கன்னு பாக்கத்தான் வச்சேன்."

தட்டை இரு கையாலும் தூக்கினாள். சாத்தியிருந்த கதவைக் கண்ணால் காட்டினாள்.

அக்கா போய்த் திறந்துவிட்டாள்.