காலிக் கணினி

அலுவலக அறையின் கதவைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் மேலாளர் கிபெட். "இருவது நிமிஷம் இருக்கு, முகாமி. அதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இருக்கக் கூடாது."

முகாமி ஜன்னலைப் பார்த்தாள். கம்பி போட்ட ஜன்னல். அதற்கு அப்பால் நைவாஷா ஏரிவரைக்கும் ரோஜாக் கூடாரங்களின் வெள்ளைக் கூரைகள். வாசலில் தொழிலாளர் துறை ஜீப் வந்து நின்றிருந்தது. காவலாளி ஒவ்வொருவர் பெயராக எழுதச் சொல்லித் தாமதப்படுத்திக்கொண்டிருந்தான்.

"சார், மருந்தடிக்கிற பதிவேடு இதுலதான் இருக்கு. வேற நகல் கிடையாது."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அந்தப் பதிவேட்டைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். ஏழாம் கூடாரத்தில் காலை எட்டு மணிக்குப் பூச்சிமருந்து அடித்ததும், ஒன்பது பத்துக்கே தொழிலாளி அதியாம்போவைப் பூப்பறிக்க உள்ளே அனுப்பியதும், அனுப்பியவர் கிபெட் என்பதும் ஒரே வரியில் இருந்தன. அதியாம்போ ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இரண்டு கண்ணிலும் கட்டோடு. அந்த வரி போய்விட்டால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

"என்னால முடியாது சார்."

"முடியாதா? சாயங்காலமே குவார்ட்டர்ஸக் காலி பண்ணு. உங்கம்மா கட்டிலயும் நீயே தூக்கிட்டுப் போ." கிபெட் குரலைத் தாழ்த்தினார். "அதோட விடுவேனா? மருந்தடிச்ச நேரத்த நீதான் எனக்குத் தப்பாச் சொன்னேன்னு எழுதிக் கொடுப்பேன். எது வசதி?"

மேசைமேல் இருந்த அவள் பையைக் கிபெட் சுட்டிக்காட்டினார்.

"போன வாரம் டீ நேரத்துல, ஸ்டோர் லேப்டாப்புல ஒரு பென் டிரைவைச் சொருகிக் காட்டினியே. உன் சாயங்கால கிளாஸ்ல கொடுத்தது. லேப்டாப்பே புதுசா மாறிப்போச்சு."

"லினக்ஸ் சார்."

"அதேதான். அதப் போடு. வெறும் ஃபைல அழிச்சா தோண்டி எடுத்துருவாங்களாம், என் மச்சான் சொன்னான்."

அவள் பையைத் திறந்தாள். பென் டிரைவைச் செருகிக் கணினியை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் ஐந்து லினக்ஸ் வகைகளின் பெயர்கள் வந்தன. ஐந்தையும் வகுப்பில் மாலைக்கு ஒன்றாக ஓட்டிப் பார்த்து, எது எப்படி என்று நோட்டில் குறித்திருந்தாள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். இருப்பதிலேயே சின்னது அதுதான். நினைவகத்தில் ஏறி முடித்தபின் டிரைவைக் கழற்றினாலும் ஓடும்.

அடுத்து இரண்டு கட்டங்கள் வந்தன.

"எது சீக்கிரம் முடியும்?" என்றார் கிபெட்.

"மேல இருக்கிறது சார்."

"அப்ப அதையே அமுக்கு. என்ன தயங்குற? ரோஜா முள்ளா அது?"

அழுத்தினாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின. சரியாகத்தான் அழுத்தினோமா என்று அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. தோட்டத்து மோட்டாரைப் போட்டிருப்பார்கள்போல, தலைக்கு மேல் விளக்கு மங்கி மீண்டது.

"கரண்ட் போயிடுமா சார்?"

"போகாது. வேலையப் பாரு."

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. நீலத் திரை ஒன்று வந்து நின்றது. முகாமி டிரைவைக் கழற்றிப் பையில் போட்டாள்.

கிபெட் அவளை நாற்காலியோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு மவுஸைப் பிடித்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். அதியாம்போ என்று தட்டித் தேடினார். எங்கும் எதுவும் இல்லை. அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"படிச்ச புள்ளன்னா சும்மாவா! சரி, அணைச்சு வச்சிரு."

"வேண்டாம் சார். ஓடிக்கிட்டே இருக்கட்டும். அணைச்சு வச்சா எதையோ மறைக்கிறோம்னு நினைப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்று கதவைத் திறக்கப் போனார்.

ஆய்வாளர் நசிமியு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அதியாம்போவின் கணவர் நின்றார்.

"மருந்தடிக்கிற பதிவேடு எங்க?"

"அப்படி ஒண்ணு நாங்க வச்சதே இல்ல, மேடம். ஆபீஸ்ல இருக்கிறது இந்த ஒரு கம்ப்யூட்டர்தான், நீங்களே பாருங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கு ஏழாம் கூடாரத்துப் பக்கமே போகல. டீ சொல்லட்டுமா? மந்தாசிப் பலகாரமும் சூடா இருக்கு."

"டீ அப்புறம். இப்ப சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கிபெட் தயங்காமல் எழுதினார். நசிமியு பத்து நிமிடம் கணினியைத் துழாவினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

அதியாம்போவின் கணவர் முகாமியைப் பார்த்தார். "நீதானேம்மா எல்லாத்தையும் டைப் பண்ணுவ? அவ சொன்னாளே."

"அவளுக்கு என்னய்யா தெரியும்?" என்றார் கிபெட். "டைப் அடிக்கிற நேரத்த விட நகம் கடிக்கிற நேரம்தான் ஜாஸ்தி."

கையெழுத்திட்ட தாள் நசிமியுவின் கோப்புக்குள் போகும்வரை முகாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டடி நகர்ந்து, கிபெட்டுக்கும் கணினிக்கும் நடுவே வந்து நின்றாள்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் நசிமியு.

"அத ஒரு தடவ அணைச்சுப் போடுங்க, மேடம். லினக்ஸ ஓட்டிப் பாக்கிற கட்டத்தத்தான் அமுக்கினேன், டிஸ்க்ல ஒண்ணும் அழியல. பழசு அப்படியே வரும்."