அம்சவல்லியின் கூடம்

"கட்டிலைக் குறுக்கப் போடுங்க" என்றாள் அம்சவல்லி.

கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்த வீரையன் தயங்கினான். "ஓரமாப் போடுறேனே. மனுசன் நடக்க வழி வேணாமா?"

"வேணாம். குறுக்கக் கெடந்தாத்தான் புள்ளைங்க அந்தப் பக்கம் ஓடாது."

அவன் குறுக்கே போட்டான். போட்ட உடனே சின்னவன் பக்கிரி அதில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தான்.

அடுத்தது தகரப்பெட்டி. அதைக் கட்டிலோடு ஒட்டி வைக்கப் போனவனை அவள் தடுத்தாள்.

"தள்ளி வையுங்க. பெட்டி மேல ஏறுவான், அங்கேர்ந்து கட்டிலுக்குத் தாவுவான். மண்டை ஒடையும்."

"கண்ணாடி?"

நாகூர் தர்கா கந்தூரித் திருவிழாவுக்குப் போனபோது வாங்கி வந்தது. வீட்டில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

"மாட்டவா எடம் இருக்கு? பெட்டிக்குள்ள வச்சிடுங்க. கீழ சாத்தி வச்சா ராசம்மா மூஞ்சி பாக்கப் போயி ஒடச்சிடும்."

மூத்தவள் ராசம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கைக்குழந்தைக்குத் தூளி கட்ட வேண்டும். வீரையன் மூன்று மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினான். அம்சவல்லி தன் பலத்தையெல்லாம் கொடுத்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பழைய சேலையை அதில் கட்டிக் குழந்தையைப் போட்டாள்.

அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஆழத் தள்ளினாள். அடுப்பு மூட்ட அவள் சம்மதிக்கவில்லை.

"புள்ளைங்க பொழங்குற எடத்துல நெருப்பு கூடாது."

"வர்றவருக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க வேணாமா?"

"பானையில தண்ணி இருக்குல்ல. அது போதும்."

வீரையன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "அவரு கண்டிப்பா வருவாரா?"

"இன்னிக்கு இந்த வழியாத்தான் வர்றாருன்னு சங்கத்துத் துரைராசு அண்ணன் சொல்லிச்சு."

 

"எனக்கு என்னமோ பயமா இருக்கு அம்சம். பேசாம நன்னிலத்துல ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்."

"அங்க போனா நாம விருந்தாளி. கொஞ்ச நாளு சோறு போடுவாங்க. அப்புறம்?"



அம்சவல்லி விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினாள். எவ்வளவு பெருக்கியும் புழுதி வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்துவிட்டு, கோரைப்பாயை உதறி விரித்து, ராசம்மாளை அதில் உட்கார வைத்துத் தலை சீவினாள். பின்னல் முடிவதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. பக்கிரி குதிப்பதை நிறுத்தினான். தூளியில் குழந்தை விழித்து அழுதது.

வீரையன் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். அம்சவல்லி அதை வாங்கித் திரும்ப அவன் தோளிலேயே போட்டாள்.

"நீங்க இந்த வீட்டு ஆம்பள. நிமிந்து நில்லுங்க."

மார்பில் டவாலிப் பட்டை அணிந்த சேவகன் ஒருவன் முதலில் ஓடி வந்தான். பின்னால் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மெதுவாக நடந்து வந்தார்.

"கலெக்டர் அய்யா ஜீப்பு நிக்குது. நடுரோட்டுல என்ன இது? தூக்கு, தூக்கு" என்று கத்தினான் சேவகன்.

அம்சவல்லி சேவகனைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த கலெக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"கூலி கூடக் கேட்டோம்னு பண்ணை ஆளுங்க காலையில எங்க குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டாங்கய்யா. வயலும் குடிசை இருந்த எடமும் அவங்களுது. ரோடு சர்க்காருது, அதான் இங்க வந்துட்டோம். உள்ள வந்து உக்காருங்க. பூட்சை மட்டும் அங்கயே விட்டுட்டு வாங்க, புள்ளைங்க படுக்குற எடம்."

கலெக்டர் அந்தக் கட்டிலையும் தூளியையும் பார்த்தார். பிறகு தார் ரோட்டில் குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.