மரங்களை எண்ணும் நாள்

மலைத்தெய்வம் மரங்களை எண்ணும் நாளில் ஊரில் யாரும் காட்டுக்குள் போவதில்லை. போனவரையும் மரமென்று சேர்த்து எண்ணிவிடுவாள். போன வருடம் அந்த நாளில் கினுவின் வீட்டில் விறகு தீர்ந்திருந்தது.

“அவ எண்ணிட்டுப் போறா. அடுப்புக்கு யாரு பதில் சொல்றது? பயமா இருந்தா கோடாலியைக் குடுங்க, நானே போறேன்” என்றாள் கணவன் தொகுஜியிடம்.

அவன் கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். பொழுது சாய்வதற்குள் விறகோடு திரும்பினான்.

“என்ன, எண்ணலியா? கட்டை மாதிரிதானே நிக்கிறீங்க!” என்று கினு சிரித்தாள்.

அதன் பிறகு அவன் கோடாலியைத் தொடவில்லை. மழை பெய்தால் முற்றத்தில் போய் நின்றான். அவன் சட்டையை உதறினால் தேவதாரு இலைகள் உதிர்ந்தன.

இந்த வருடம் அதே நாள் விடிந்ததும் வெறுங்காலோடு பனியில் இறங்கினான்.

“போகாதீங்க. விறகு நிறைய இருக்கு. அன்னிக்கு நான் வாய் தவறிச் சொல்லிட்டேங்க.”

“விறகுக்கு இல்ல, கினு. எண்ணும்போது ஒண்ணு குறைஞ்சா, தேடிக்கிட்டு இங்க வந்துடுவா.”

மாலையில் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தான். தெய்வத்துக்கென்று ஒதுக்கிய மரங்களுக்குக் கட்டும் வைக்கோல் கயிறு அவன் இடுப்பைச் சுற்றியிருந்தது. கினு முடிச்சைத் தொட்டாள். அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை.