புதன்கிழமை வண்டி

பக்கத்து வீட்டு வாசலில் வாராவாரம் ஒரு நர்ஸின் ஸ்கூட்டர் நின்றால், நீங்கள் சும்மா இருப்பீர்களா?

சுருதியம்மாவால் இருக்க முடியவில்லை.

“சிஸ்டர், புதன்கிழமை நான் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புறப்பல்லாம் தையல்காரர் வீட்டு வாசல்ல உங்க வண்டி நிக்குதே, அங்க யாருக்கு என்ன சீக்கு?”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கோயிலின் பின்னறையில் ஒருவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த சபை நர்ஸ் நிமிர்ந்தாள். எதிரே பாடகர் குழுத் தலைவி. பாட்டில் யார் சுருதி தப்பினாலும் பிடித்துவிடுவாள். பாட்டுக்கு வெளியேயும்தான்.

“அத நான் சொல்லக் கூடாதும்மா.”

“என்ன பெரிய ராணுவ ரகசியம்! என் பொண்ண அந்த வீட்டுப் பையனுக்குப் பேசி முடிச்சிருக்கு. எனக்குத் தெரிய வேண்டாமா?”

“நல்ல குடும்பம்மா. தைரியமாக் குடுக்கலாம்.”

“நர்ஸ் வேலைக்கு வந்தீங்களா, கல்யாணத் தரகுக்கு வந்தீங்களா?”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கைதட்டல் கிடைத்த மாதிரி சுருதியம்மா குரலை இன்னும் ஏற்றினாள்.

“ஊசி போட மாட்டீங்க, மருந்து எழுத மாட்டீங்க. சபையார் வீடு வீடாப் போய்க் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது. இதுக்குப் பேரு நர்ஸா? பெரிய ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே, துரத்திட்டாங்களா?”

“நானாத்தாம்மா வந்தேன். அங்க புண்ணத் துடைக்க நேரம் இருந்துச்சு. ‘எனக்கு வாழவே பிடிக்கல’ன்னு ஒருத்தர் சொன்னா, பக்கத்துல உக்காந்து கேக்க நேரமில்ல.”

அந்தப் பேச்சை சுருதியம்மா லபக்கென்று கவ்விக்கொண்டாள்.

“ஓஹோ! அப்ப அந்த வீட்டுல மண்டைக் கோளாறு!”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா.”

“சொல்லவே வேண்டாம். மாத்திரை குடுக்காம மணிக்கணக்காப் பேசுறீங்கன்னா வேற என்ன? சளி காய்ச்சலோடவா பேசுவீங்க?”

நர்ஸ் எழுந்துவிட்டாள். “கையெடுத்துக் கும்பிடுறேன், இத வெளிய பேசாதீங்கம்மா. இப்பத்தான் கொஞ்சம் தேறிவர்ற உயிரு.”

சுருதியம்மா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவளே பரிமாறினாள், அவளே பேசினாள்.

“வர்ற வழியிலயே அவங்க வீட்டுல நுழைஞ்சு சொல்லிட்டு வந்துட்டேன். பைத்தியம் இருக்கிற வீட்டுல பொண்ணு குடுக்கிறதா இல்லன்னு.”

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அம்மா, உனக்கு மனசாட்சியே கிடையாதா?” அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அழட்டும். நாளைக்கு ஒரு கிறுக்கோட குப்பை கொட்டினா இதவிட அதிகமா அழணும்.”

அவள் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “தையல்காரர் என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டு நின்னாரு. அவர் பொண்டாட்டி என்னவோ சொல்ல வாயத் தொறந்தா, அவளையும் கையமத்திட்டாரு. மடியில கனம்!”

“ஒருவேளை அந்த வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னா?”

“அப்ப நர்ஸ் எதுக்கு வர்றா? ஜாக்கெட் தைக்கக் கத்துக்கவா?”

“மனசு சரியில்லாமப் போறது ஒரு குத்தமா?”

“குத்தமில்ல, கேவலம். அப்படி ஒருத்தர் நம்ம வீட்டுல இருந்தா நான் தெருவுல தலையே காட்ட மாட்டேன். என்னங்க, போட்டது அப்படியே இருக்கு?”

“பசியில்ல.”

“ரிட்டயர் ஆனதுலேருந்து உங்களுக்கு எப்பத்தான் பசிச்சுது!”

வாத்தியார் கை கழுவிவிட்டு, மகளின் அறைக்கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை தையல்காரர் தன் வீட்டு கேட்டைப் பூட்டிவிட்டார். ஜெபக்கூட்டம் முடிந்து மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டே திரும்பிய சுருதியம்மா, நர்ஸின் ஸ்கூட்டர் தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தாள். இத்தனை நாளும் வண்டியைத் தையல்காரர் வாசலில் விட்டுவிட்டு, அவர் வீட்டுப் பின்பக்கச் சந்து வழியாக யாருக்கும் தெரியாமல் தன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த நர்ஸுக்கு, வாத்தியாரே முன்கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்.