ஆறரை மணி கேட்

விடுதிக்கென்று வாங்கிய வாளியை மறுபடியும் தரையில் வைத்தாள்.

முதலில் வார்டன் அறை. அங்கிருந்து கணிதத் துறை. திரும்பவும் வார்டன் அறை. துறைத்தலைவர் வார்டனைக் கேட்கச் சொன்னார். வார்டன் துறைத்தலைவரைக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் அவரவர் நாற்காலியில்தான் இருந்தார்கள். வெயிலில் அலைந்தது அவளும் அப்பாவும்தான். சுருட்டிய மெத்தை அப்பாவின் தோளில் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான்.

ஹானர்ஸ் வகுப்பு வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறரைக்குத் தொடங்கும். பெண்கள் விடுதியின் கேட்டையும் ஆறரைக்குத்தான் பூட்டுவார்கள். பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள்.

ஆண்கள் விடுதிக்குக் கேட்டே கிடையாது. இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. ஒன்றின் மேல் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராப்பகலாகப் படித்து வாங்கிய இடம். மாநிலம் முழுக்க நுழைவுத் தேர்வு எழுதியதில் இருபது பேரைத்தான் எடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வகுப்பு இன்றைக்கு. வராதவர்களின் இடம் நாளைக் காலையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

வார்டன் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மின்விசிறியை அப்பா பக்கம் திருப்பி வைத்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், சாதாரண பி.எஸ்சி. என்றால் நான்கு மணிக்கே முடிந்துவிடும் என்பதையும் கனிவாகச் சொன்னார்.

வெளியில் அறை எடுக்கும் பேச்சை அப்பா எடுக்கவே விடவில்லை. விடுதி, இல்லையென்றால் ஊர். ஊர்க் கல்லூரிக்கு நம் தெரு முனையிலேயே பஸ் நிற்கிறது என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அத்தை வீடு இதே நகரத்தில்தான். ஆனால் அந்தக் கோடி. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள். இருட்டினால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. விடுதிக் கணக்கில் அத்தை பெயருக்குத்தான் கார்டியன்.

வகுப்பு முடிந்து ஓடி வந்துவிட்டால் கேட்டைத் திறப்பார்களா என்று வார்டனிடம் கேட்டாள்.

மாட்டார்கள். கேட்டைத் தட்டினாலே புகார் எழுதப்படும். மூன்றாவது புகாரில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ராத்திரி வரவே இல்லையென்றால்?

அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாக எடுத்துக்கொள்வார்களாம். அப்பாவின் சம்மதம் இருந்தால் போதுமாம். தங்கச்சி வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் போகட்டும் என்று அப்பா உடனே தலையாட்டினார்.

ஆக, விடிய விடிய வராமல் இருக்கலாம். தாமதமாக வரத்தான் கூடாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கூடவே அழுகையும் வந்துவிடும்போல இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நூலகம் தெரிந்தது. கீழ்த்தளத்து வாசிப்பறையை ராத்திரியிலும் பூட்டுவதில்லை என்று துறைத்தலைவர் காலையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பெண்கள் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. வந்தவர்கள்தான் இல்லை.

கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, விடுதியே இருக்கட்டும் என்றாள்.

அப்பாவின் தோள் இறங்கியது. மெத்தையை அப்போதுதான் கீழே வைத்தார். பி.எஸ்சி.யும் படிப்புதான் என்றார், ஹானர்ஸெல்லாம் பேருக்குத்தான் என்றார், தெருவுக்கே லட்டு கொடுத்தவர். அவள் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அப்பா கேட்டில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். திருப்தியாக இருந்தது அவருக்கு. தெருத் திருப்பத்தில் ஒருமுறை நின்று, உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

அவள் உள்ளே போனாள்.

மெத்தைச் சுருளைப் பிரித்தாள். நடுவில் சிறிய தலையணை இருந்தது. புது இடத்தில் தூக்கம் வராது என்று அம்மா கையால் தைத்துக் கொடுத்தது. அதை எடுத்துப் புத்தகப் பையில் திணித்தாள். நோட்டை வெளியே எடுத்து, மறுபடியும் திணித்துப் பார்த்தாள். ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.

அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு, நோட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

எல்லாப் பெண்களும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எதிரே அவள் ஒருத்திதான் வெளியே போனாள். வாட்ச்மேன் சங்கிலியும் கையுமாக நின்றார்.

"பாப்பா, பூட்டப் போறேன். அப்புறம் வந்து தட்டினா தொறக்க மாட்டேன், பாத்துக்க."

"தெரியும்ணே. பூட்டிக்கங்க."

முதுகுக்குப் பின்னால் சங்கிலி விழும் சத்தம் கேட்டது. அவள் நடந்துகொண்டே தலையணையை அமுக்கி, ஜிப்பை இழுத்தாள்.