பின்னால் இருந்த விண்டோ

வேறொரு விண்டோவுக்குப் போய்விட்டால், பின்னால் இருக்கும் வீடியோ அழைப்பில் எதிராளியின் படமும் குரலும் அப்படியே நின்றுவிடும்படி அந்த மென்பொருளை எழுதியவளே கோமதிதான். அன்று காலை அதில் ஊரிலிருக்கும் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் அலுவலக வேலை வரவே அதற்குத் தாவினாள். திரையின் ஓரத்தில் அப்பா காபி டம்ளரை வாயருகே வைத்தபடி இருந்தார். தான் எழுதியதே மறந்துபோய், இன்னும் ஊதி ஊதித்தான் குடிக்கிறார் என்று அவ்வப்போது பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அப்பாவை க்ளிக் செய்தாள். நாற்காலி சாய்ந்து கிடந்தது. தரையில் சிந்திய காபியை எறும்பு மொய்த்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அத்தை கேமராவுக்கு அருகில் வந்தாள்.

"எவ்வளவு சத்தம் போட்டோம் கோமதி. நீ எங்களயே பாத்துச் சிரிச்சிக்கிட்டுல்லா இருந்த."